பாலத்துக்கு அந்தப் பக்கம்

வாங்க தம்பி, வாங்க. ஷூவை இங்கயே கழட்டிடுங்க. முனை வாசலைப் பாத்து இருக்கணும், அப்படித் திருப்பி வைங்க, இங்க அதுதான் பழக்கம். குடையை அந்த மூலையில சாத்துங்க. ஷூ ரேக் மேல ஒரு அட்டை இருக்கு பாருங்க, கிளிப் போட்டு காகிதமெல்லாம் சொருகி, அதை மட்டும் தொடாதீங்க. அது இருக்கட்டும். அதைப் பத்தி அப்பறம் சொல்றேன்.

வீட்டு ஏஜென்ட் ஒம்பது மணிக்குத்தான் வருவான். இப்ப ஏழரைதான் ஆகுது. நான்தான் உங்களை முதல் ரயில்லயே வாங்கன்னு சொன்னேன், அவன் வர்றதுக்கு முன்னாடி நாலு விஷயம் பேசிக்கலாம்னுதான். ஜன்னல் பக்கம் உக்காருங்க. இல்ல, அந்த நாற்காலி. இது என்னோடது. செவ்வாய், வெள்ளி ரெண்டு நாளும் இந்த நேரத்துக்கு நான் இதை விட்டு எந்திரிக்கறதில்ல. காபி பில்டர் காபிதான், பயப்படாதீங்க. பொடி என் வீட்டுக்காரி வசுமதி ஊர்லேர்ந்து கொண்டாந்தது. அவ பாப்பாவைக் கூட்டிக்கிட்டு மன்னார்குடிக்குப் போயிருக்கா. மார்ச்ல போனா. இங்க ஏப்ரல்லயே பள்ளிக்கூடம் தொறந்துட்டாங்க. வருவா.

அதோ, அதுதான் வீடு. பக்கத்துலயே. ஓடு போட்டது, முன்னால பெர்சிமன் பழ மரம். மொரிஷிகே-சான்னு ஒரு அம்மா இருந்தாங்க, எண்பத்தோரு வயசு, தனியா. அவங்க மகன் டோக்கியோவுல இருக்கார், அவர்தான் விக்கறார். ஏன் இவ்வளவு குறைச்சலா சொல்றாங்கன்னு போன்ல கேட்டீங்கள்ல. அந்தம்மா வீட்டுக்குள்ள சாகல, அதை முதல்ல சொல்லிடறேன். வீட்டுக்குள்ள செத்திருந்தாதான் வாங்கறவங்க யோசிப்பாங்க. இவங்க வெளில. வெளிலன்னா, கொஞ்சம் தள்ளி. ஏஜென்ட் இதைச் சொல்ல மாட்டான். நான் எதுக்கு மறைக்கணும்? நான் ஒரு தப்பும் பண்ணல.

சொல்றேன், சொல்றேன். காபியைக் குடிங்க. எனக்கு இப்ப வேண்டாம். கொஞ்ச நேரம் போகட்டும்.

இங்க ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு சங்கம் உண்டு. நம்ம ஊர்ல குடியிருப்போர் நலச் சங்கம்னு போர்டு மாட்டி வச்சிருப்பாங்கள்ல, அது மாதிரி, ஆனா இங்க நெஜமாவே வேலை பாக்கும். பன்னெண்டு வீட்டுக்கு ஒரு குழு. குழுவுக்கு ஒரு பொறுப்பாளர், ஹன்ச்சோம்பாங்க, வருஷத்துக்கு ஒரு வீடுன்னு முறை வச்சு வரும். நகராட்சிலேர்ந்து என்ன அறிவிப்பு வந்தாலும் இந்த மாதிரி அட்டையில சொருகி வீடு வீடா சுத்தி வரும். நீங்க படிச்சிட்டு உங்க பேர் முத்திரையைப் போட்டு அடுத்த வீட்டுல குடுக்கணும். மணியடிச்சு, கையில குடுக்கணும். அப்பதான் ரெண்டு வார்த்தை பேச முடியும், மழை வரும்போல இருக்கு, பாப்பாவுக்கு சளி விட்டுச்சான்னு. இப்ப என் வீட்டுக்கு யாரும் மணியடிக்கறதில்ல தம்பி. கேட் கைப்பிடியில மாட்டிட்டுப் போயிடறாங்க. நான் இன்னும் மணியடிச்சுத்தான் குடுத்துக்கிட்டு இருந்தேன். உள்ளேர்ந்து மைக்குல, அங்கயே வச்சிடுங்க தேவா-சான், சிரமம் குடுத்துட்டேன்னு சொல்லுவாங்க. மரியாதைக்கு ஒரு குறைச்சலும் இல்ல. தேவநாதனை இவங்க வாய்க்குத் தேவாவாக்கி, மரியாதைக்கு ஒரு சான் சேத்துட்டாங்க. ஒருத்தர் திட்டியிருந்தாக்கூட நல்லா இருந்திருக்கும்.

நான் இந்த நாட்டுக்கு வந்து பதினாலு வருஷம். வீடு வாங்கி ஏழாவது வருஷம் நடக்குது. வாங்கும்போதே ஏஜென்ட் சொன்னான், தெருவோட குப்பை வைக்கிற இடம் உங்க வாசல்லதான் இருக்கு, அதனாலதான் கொஞ்சம் குறைச்சுத் தர்றாங்கன்னு. சரின்னுதான் வாங்கினேன். அது வேற விஷயம். செவ்வாயும் வெள்ளியும் பன்னெண்டு வீட்டுப் பையும் அங்கதான் வரும், என் வீட்டுக்கும் மொரிஷிகே-சான் வீட்டுக்கும் நடுவுல. அதாவது இனிமே உங்க வாசலும்தான், ஞாபகம் வச்சுக்குங்க. பச்சை வலை போட்டு மூடி செங்கல் வைப்பாங்க. காக்கா விடுமா? இங்கத்துக் காக்கா நம்மூர்க் காக்கா மாதிரி ரெண்டு பங்கு. வலையைத் தூக்கிட்டு உள்ள போயி பையைக் கிழிச்சு மீன்முள்ளு, டயப்பர் எல்லாத்தையும் என் வாசல்ல பரப்பி வச்சிடும். வசுமதி விளக்குமாத்தை எடுத்துக்கிட்டு வாரத்துக்கு ரெண்டு நாள் கூட்டுவா. அவங்க அப்பா அம்மா ஒரு தடவை வந்திருந்தப்ப, மாமனார் வாசல்ல நின்னு அதையே பாத்துக்கிட்டிருந்தார். அப்பறம் சொன்னார், "ஜப்பான்ல வீடு வாங்கியிருக்கேன்னு சொன்னீங்களே மாப்ள, குப்பைமேட்டுக்கு எதிர்லன்னு சொல்லலையே." சிரிச்சுக்கிட்டுத்தான் சொன்னார். நானும் சிரிச்சேன். அன்னைக்கு ராத்திரி முழுக்கத் தூங்கல நான்.

இன்னொண்ணு சொல்லணும், நியாயமா சொல்லணும். வந்த புதுசுல எங்களுக்குக் குப்பை பிரிக்கத் தெரியல. பிளாஸ்டிக்கை எரியிற குப்பையில போட்டுட்டோம். இங்க பையில வீட்டுப் பேரை எழுதணும், தப்பா இருந்தா லாரிக்காரன் சிவப்புச் சீட்டு ஒட்டி அங்கயே விட்டுட்டுப் போயிடுவான், தெருவே பாக்கும். எங்க பை மட்டும் ஒரு நாள்கூட அப்படிக் கிடந்ததில்ல. நாங்க சரியாத்தான் போடறோம்னு நெனச்சுக்கிட்டிருந்தோம். ஆறு மாசம் கழிச்சு வசுமதி பாத்திருக்கா. மொரிஷிகே-சான் எங்க பையை அவங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போயி, கையுறை மாட்டிக்கிட்டு உக்காந்து, பிரிச்சு, சரியான நாள்ல அவங்க பையோட சேத்து வச்சிருக்காங்க. ஆறு மாசம். எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லல. வசுமதி போய் அழுதிருக்கா, அந்தம்மா சுவத்துல ஒட்டற மாதிரி படம் வரைஞ்சு குடுத்தாங்க, எந்தக் கிழமை எதுன்னு. அதோ, பிரிட்ஜ் மேல இன்னும் இருக்கு. தீபாவளிக்கு முறுக்கெல்லாம் குடுத்திருக்கோம். நாங்க நன்றி இல்லாதவங்க இல்ல.

இப்ப வாய்க்காலுக்கு வர்றேன். நீங்க ஸ்டேஷன்லேர்ந்து வரும்போது ஒரு சின்னப் பாலம் தாண்டினீங்கள்ல, ரோடு வளையற இடத்துல? அந்த வாய்க்கால்தான். ரோடு ஓரமாவே போகும், தடுப்பு கிடையாது, கைப்பிடி கிடையாது. குளிர்காலத்துல கணுக்கால் தண்ணிதான். ஜூன் மாசம் வயலுக்குத் தொறந்து விட்டாங்கன்னா ரோடு மட்டத்துக்கு நிக்கும். மழை நேரத்துல ரோடு எது தண்ணி எதுன்னு தெரியாது. ரொம்ப வருஷத்துக்கு முன்ன ஒரு தபால்காரர் வண்டியோட விழுந்திருக்கார், கை உடைஞ்சதோட போச்சு. அதுலேர்ந்து மொரிஷிகே-சான் வருஷா வருஷம் எழுதுவாங்க. மே மாசம் நகராட்சிலேர்ந்து ஒரு தாள் வரும், உங்க தெருவுக்கு என்ன வேணும்னு கேட்டு. அட்டையில சுத்தி வரும். அந்தம்மா அதே வரியை எழுதுவாங்க, வாய்க்கால் முனையில கைப்பிடி போட்டுத் தரும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்னு. பதினோரு வருஷமா அதே வரி.

நான் என்ன நெனப்பேன் தெரியுமா? நான் மன்னார்குடிக்காரன். வாய்க்கால் பாத்து வளந்தவன். நம்ம ஊர்ல வாய்க்காலுக்கு யாராவது கைப்பிடி போட்டுப் பாத்திருக்கீங்களா? எனக்குச் சிரிப்பா வரும். வசுமதிகிட்ட சொல்லி சிரிச்சிருக்கேன். அவ சிரிக்கல, அது இப்ப ஞாபகம் வருது.

முந்தின வருஷத்துக்கு முந்தின வருஷம், அதாவது ரெண்டு வருஷம் முன்னாடி, ஹன்ச்சோ முறை என் வீட்டுக்கு வந்துச்சு. இந்தத் தெருவுல வெளிநாட்டுக்காரன் ஹன்ச்சோ ஆனது நான்தான் முதல். விடுவேனா? நான் மெஷின் டிசைன் பண்றவன் தம்பி, எதையும் அளந்து பழக்கம். மூணு மாசம் காக்கா வந்து கிழிச்ச பையை எண்ணினேன். போட்டோ எடுத்தேன். கிராப் போட்டேன். அந்த மே மாசம் தாள் சுத்தி வந்தப்ப நான் குப்பை இடத்தைப் பத்தி எழுதினேன், அந்தம்மா வழக்கம்போல கைப்பிடியை எழுதினாங்க, மத்தவங்க எல்லாம் விசேஷமா ஒண்ணுமில்லைன்னு எழுதிட்டாங்க. அதைச் சேத்து நகராட்சி படிவத்துல எழுதிக் குடுக்கறது ஹன்ச்சோ வேலை. படிவத்துல மிக அவசரமானதுன்னு ஒரு கட்டம், மற்றவைன்னு ஒரு கட்டம். கவுன்டர்ல இருந்த பொண்ணுகிட்ட கேட்டேன். ஒரு குழுவுக்கு வருஷத்துக்கு ஒண்ணுதான் எடுப்போம், மத்தது அடுத்த வருஷத்துக்குப் போகும்னு சொன்னா.

நான் அந்தம்மா வரியை அடிக்கல. அடிச்சேன்னு நெனைக்கிறாங்க போல இந்தத் தெருவுல. அடிக்கவே இல்ல. மற்றவைங்கற கட்டத்துல அவங்க எழுதினதை அப்படியே எழுதினேன். பதினோரு வருஷம் காத்திருக்காங்க, இன்னும் ஒரு வருஷத்துல என்ன ஆயிடப்போகுதுன்னு நெனச்சேன். அதுல என்ன தப்பு, நீங்களே சொல்லுங்க.

இடத்தை மாத்தணும்னா பன்னெண்டு வீடும் சம்மதம்னு முத்திரை போடணும். புது இடத்தையும் நாமளேதான் சொல்லணும். பாலத்துக்கு அந்தப் பக்கம் நகராட்சி நிலம் கொஞ்சம் சும்மா கிடந்துச்சு. அளந்து பாத்தேன், என் வாசல்லேர்ந்து அறுபத்திரெண்டு மீட்டர். ஒரு நிமிஷ நடை. ஞாயித்துக்கெழமை நல்ல சட்டையா போட்டுக்கிட்டு, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு இனிப்புப் பெட்டியோட போனேன். எல்லாரும் குனிஞ்சு வணக்கம் சொல்லி, அப்படியா, கஷ்டம்தான் இல்லையா, அப்படின்னாங்க, முத்திரை போட்டாங்க. ஒருத்தர்கூட வேண்டாம்னு சொல்லல. குவாபாரா-சான் ஒருத்தர் இருக்கார், கடைசி வீடு, ஊன்றுகோல் வச்சிருப்பார், அவர் மட்டும் கொஞ்ச நேரம் அந்த வரைபடத்தையே பாத்துக்கிட்டிருந்தார். அப்பறம் அவரும் போட்டுட்டார்.

கடைசியா மொரிஷிகே-சான். உள்ள கூப்பிட்டு டீ குடுத்தாங்க. வரைபடத்தைக் கண்ணாடி போட்டுக்கிட்டுப் பாத்தாங்க. "பாலத்துக்கு அந்தப் பக்கமா"ன்னு கேட்டாங்க. ஆமா, அறுபத்திரெண்டு மீட்டர்தான்னேன். நான் டீயைக் குடிச்சு முடிச்சிட்டேன். அப்பறம் சொன்னாங்க, "உங்க வீட்டம்மா காக்கா கொட்டினதைக் கூட்டிக்கிட்டே இருக்காங்க. பாத்தாலே பாவமா இருக்கு." முத்திரையை எடுத்து, மையில தொட்டு, மெதுவா அமுத்தி, அதை ஒரு துணியால துடைச்சு பெட்டியில வச்சாங்க. இதுக்கு மேல என்ன சம்மதம் வேணும்?

சங்கத் தலைவர் கட்டயாமா-சான்னு, ரிட்டயர்டு வாத்தியார். படிவத்தை வாங்கிப் பாத்தார். மொரிஷிகே-சான் ஏதாவது சொன்னாங்களான்னு கேட்டார். முத்திரை போட்டாங்கன்னேன். அவர் பல்லிடுக்கு வழியா மூச்சை உள்ள இழுத்தார், ஸ்ஸ்னு. இந்த ஊர்ல இருக்கறவனுக்கு அதுக்கு அர்த்தம் தெரியும் தம்பி. நீ சொல்றது சரியா வராது, ஆனா நான் வாயால சொல்ல மாட்டேன்னு அர்த்தம். பதினாலு வருஷம் இவங்களோட வேலை பாக்கறேன், எனக்குத் தெரியாதா? அன்னைக்குத் தெரியாத மாதிரி இருந்துட்டேன். அவர் வாயால சொல்லியிருக்கலாம். சொல்லாதது யார் தப்பு?

அக்டோபர்ல மேயர் வந்தார். வருஷத்துக்கு ஒரு தடவை குடியிருக்கறவங்க குறையை நேர்ல கேக்கறதுக்கு சமுதாயக் கூடத்துல கூட்டம் போடுவாங்க. மடக்கு நாற்காலி, ஸ்லிப்பர், முன்னால அதிகாரிங்க வரிசை. எல்லாரும் எழுதி வச்சதைத் தலைநிமிராம படிச்சாங்க. நான் ஸ்கிரீன்ல கிராப் போட்டுக் காட்டினேன், ஜப்பானிய மொழியிலேயே, பத்து நிமிஷம். காக்கா போட்டோ வந்தப்ப அதிகாரிங்களே சிரிச்சிட்டாங்க. மேயர் எழுந்து நின்னு, வெளிநாட்டிலேர்ந்து வந்தவர் நம்ம தெரு மேல இவ்வளவு அக்கறை வச்சிருக்கார், நமக்கெல்லாம் வெக்கமா இருக்குன்னார். கைதட்டினாங்க. நகராட்சிப் பத்திரிகையில என் படம் வந்துச்சு. காட்டறேன், பைல்ல இருக்கு. மொரிஷிகே-சான் ரெண்டாவது வரிசையில உக்காந்திருந்தாங்க. கையில மடிச்ச தாள் ஒண்ணு வச்சிருந்தாங்க. எங்க குழுவுக்குக் குடுத்த நேரத்தை நானே எடுத்துக்கிட்டேன் போலிருக்கு. கூட்டம் முடிஞ்சப்ப என்கிட்ட வந்து, ரொம்ப நல்லாப் பேசினீங்கன்னு சொன்னாங்க. தாளைப் பைக்குள்ள வச்சிட்டாங்க.

ஏப்ரல்ல இடம் மாறிச்சு. ஆமா, போன வருஷம். என் வாசலைப் பாத்தீங்கள்ல, எவ்வளவு சுத்தமா இருக்கு! பூந்தொட்டி வச்சிருக்கேன். வசுமதிகிட்ட சொன்னேன், பதினோரு வருஷமா இவங்களால ஒரு கைப்பிடி வாங்க முடியல, நான் ஒரே வருஷத்துல சாதிச்சேன் பாருன்னு. அவ விளக்குமாத்தை எடுத்து உள்ள வச்சிட்டா. செவ்வாய், வெள்ளி காலையில இந்த ஜன்னல்லேர்ந்து பாப்பேன், ஒவ்வொருத்தரா பையைத் தூக்கிக்கிட்டுப் போறதை. மொரிஷிகே-சான் ஏழு மணிக்கே போவாங்க. இந்த ஜன்னலைப் பாத்துக் குனிஞ்சிட்டுத்தான் போவாங்க. பாரு, நல்லாத்தானே நடக்கறாங்கன்னு நெனச்சுக்குவேன்.

ஜூன் மாசம் பதினேழாம் தேதி. செவ்வாய். மூணு நாளா மழை. வாய்க்கால் ரோடு மட்டத்துக்கு நிக்குது. அந்தம்மா ஒரு கையில பை, ஒரு கையில குடை. ஜன்னலைப் பாத்துக் குனிஞ்சாங்க, நானும் குனிஞ்சேன். காபி குடிச்சுக்கிட்டிருந்தேன். போனாங்க. எனக்கு ஏழேகாலுக்கு மீட்டிங், லேப்டாப்பைத் தொறந்துட்டேன்.

எட்டு மணிக்கு குவாபாரா-சான் பாலத்து மேல ஊன்றுகோலைத் தட்டிக்கிட்டு நின்னு சத்தம் போட்டார். அந்த மனுஷன் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்ல. கீழ மடைகிட்ட, அந்தம்மா தண்ணியில மிதந்து வந்து பலகையில தட்டி நின்னிருந்தாங்க. குடை பாலத்தோரமா புல்லுல கிடந்துச்சு. பை மட்டும் சரியா வச்சிருந்துச்சு தம்பி. பையை வச்சு, வலையை இழுத்து மூடி, நாலு மூலையிலயும் செங்கல் வச்சிருக்காங்க. மழையில குனிஞ்சு நாலு செங்கலும் வச்சிருக்காங்க. அப்பறம்தான் திரும்பியிருக்காங்க. போகும்போது வாய்க்கால் கண்ணுக்கு நேரா இருக்கும், பயமில்ல. திரும்பும்போதுதான், பாலத்தை விட்டு இறங்கினதும் கார் வந்தா இடது பக்கம் ஒதுங்கணும், அங்க புல்லு மூடியிருக்கும். திரும்பி வர்றதுதான் கஷ்டம்.

போலீஸ் வீடு வீடா வந்து கேட்டாங்க, யாராவது பாத்தீங்களான்னு. இல்லைன்னு சொன்னேன். பொய்யில்ல. போறதைத்தான் பாத்தேன். வராததை ஒருத்தன் எப்படிப் பாக்க முடியும்?

சாவுச் சடங்குக்குப் போனேன். கறுப்புக் கோட்டு போட்டுக்கிட்டு, எல்லாரையும் மாதிரி ஊதுவத்தி வச்சிட்டு வந்தேன். அவங்க மகன் என்னைப் பாத்து ஆழமா குனிஞ்சார், உங்களைப் பத்தி அம்மா நெறைய சொல்லியிருக்காங்க, பேப்பர்ல வந்த உங்க படத்தை வெட்டி வச்சிருந்தாங்கன்னு சொன்னார். வசுமதி பக்கத்துல நின்னவ வெளில போயிட்டா. அன்னைக்குலேர்ந்து அவ எங்கூடச் சரியாப் பேசல. நான்தான் தள்ளி விட்ட மாதிரி.

நகராட்சிலேர்ந்து வந்தாங்க, அளந்தாங்க, போட்டோ எடுத்தாங்க. ரெண்டு சிவப்புக் கூம்பு வச்சு மஞ்சள் கயிறு கட்டிட்டுப் போனாங்க. நிரந்தரமா வேணும்னா சங்கம் வழியா முறைப்படி எழுதிக் குடுங்கன்னாங்க. புயல்ல ஒரு கூம்பு வாய்க்கால்ல விழுந்துருச்சு. இன்னும் அங்கயேதான் கிடக்குது, போகும்போது காட்டறேன்.

இப்ப அந்த அட்டைக்கு வர்றேன். இந்த வருஷம் குவாபாரா-சான் ஹன்ச்சோ. மே மாசம் ஆரம்பத்துல தாள் சுத்தி வந்துச்சு. எடுத்துப் பாருங்க, பரவால்ல, இப்ப தொடலாம். முதல் வீட்டுலேர்ந்து கடைசி வரைக்கும் ஒரே வரி எழுதியிருக்காங்க, மொரிஷிகே-சான் எழுதற அதே வரி, ஒரு எழுத்து மாத்தல. வாய்க்கால் முனையில கைப்பிடி போட்டுத் தரும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறோம். அதுக்குக் கீழ ஒண்ணு சேத்திருக்காங்க. அதைப் போடற வரைக்கும் குப்பை வைக்கிற இடத்தைப் பழைய இடத்துக்கே கொண்டுவரணும்னு. ஒரே கோரிக்கையா எழுதியிருக்காங்க, பாத்தீங்களா? பத்து முத்திரை. இப்ப பதினோரு வீடு. இந்தக் கட்டம் மட்டும் காலி.

மூணு வாரமா இங்கதான் இருக்கு.

யாரும் வந்து கேக்கல. ஒருத்தர்கூட. குவாபாரா-சான் தினம் இந்தப் பக்கமாத்தான் போறார், குனியறார், போறார். இந்த மாசம் முப்பதாம் தேதி கடைசி. இன்னைக்கு இருபத்தாறு. அது போச்சுன்னா அடுத்த வருஷம்தான்.

நான் கைப்பிடி வேண்டாம்னா சொல்றேன்? முழுச் சம்மதம் எனக்கு. தனியா எழுதுங்க, இந்த நிமிஷமே போடறேன். போடற வரைக்கும்னா எது வரைக்கும்? இந்த ஊர்ல பதினோரு வருஷம் ஆகும். மறுபடியும் என் வாசல்ல, மறுபடியும் காக்கா. அதுக்கு என்ன அர்த்தம்? நான் பண்ணினது தப்புன்னு நானே முத்திரை குத்திக் குடுக்கணும்னு அர்த்தம். மேயர் கைதட்டின விஷயம் தம்பி. அதனாலதான் சொல்றேன், வீட்டை வாங்குங்க. ஒரு முத்திரை இல்லைன்னா ஒருத்தன் முரண்டு பிடிக்கிறான்னு ஆகும். ரெண்டு வீடு வேண்டாம்னு சொன்னா, அது கருத்து. உங்க வாசலும்தானே. உங்க அம்மா வேற வந்து இருக்கப்போறாங்கன்னு சொன்னீங்க, அவங்க கண்ணு முன்னாடி குப்பை கிடந்தா நல்லாவா இருக்கும்? அம்மாவை மட்டும் பை கொண்டுபோக விடாதீங்க. நீங்களே போயிடுங்க. மழை நாள்ல கட்டாயம் நீங்களே.

முத்திரை எங்க இருக்குன்னா கேக்கறீங்க? இங்கதான், சட்டைப் பையில. சும்மா வச்சிருக்கேன். காலையில சட்டை மாத்தும்போது இதையும் மாத்தி வச்சுக்கறேன்.

இருங்க. பேசாதீங்க. அதோ குவாபாரா-சான். எப்பவும் இந்த நேரம்தான். ஒரு கையில ஊன்றுகோல், ஒரு கையில பை, அதனால குடை பிடிக்க முடியாது, தொப்பி போட்டிருக்கார் பாருங்க. நான் கேட்டேன் தம்பி, கேக்காம இல்ல. பிப்ரவரியில ஒரு நாள் ஓடிப்போயி, பையைக் குடுங்க, நான் கொண்டுபோறேன்னேன். பையை மார்போட சேத்துப் பிடிச்சுக்கிட்டார். "என் வீட்டுக் குப்பை, நானே கொண்டுபோறேன்"னார். அவ்வளவுதான் சொன்னார். ரொம்ப மரியாதையாச் சொன்னார். அதுக்கப்பறம் நான் போகல. இங்க உக்காந்து பாக்கறதோட சரி.

குனியறார். நீங்களும் குனிங்க, உங்களையும் பாத்துட்டார். ம். போறார். போறதுல ஒண்ணுமில்ல. பாலம் தெரியுது, இங்கேர்ந்து அது வரைக்கும்தான் தெரியும். அதுக்கப்பறம் அந்தச் சுவர் மறைச்சிடும். பையை வைக்கணும், வலையை மூடணும், செங்கல் நாலு. ஊன்றுகோலைச் சாத்தி வச்சிட்டுத்தான் குனியணும். ஏழு நிமிஷம் ஆகும் அவருக்கு, சில நாள் ஒம்பது. அது வரைக்கும் எனக்குக் காபி இறங்காது. எனக்கும் அந்த ஆளுக்கும் என்ன சம்பந்தம்? ஒண்ணுமில்ல. ஆனா இறங்காது.

ஏஜென்டா? மணியடிக்கறது அவன்தான், சீக்கிரம் வந்துட்டான். நிக்கட்டும். நீங்க எந்திரிக்காதீங்க தம்பி, உக்காருங்க. வீடு எங்கயும் போயிடாது. அவர் திரும்பி வரட்டும்.